பேஸ்மென்டுக்குள் இறங்காத சோபாவும் அங்கேயே செய்த இருக்கையும்

ஆகஸ்ட் கடந்ததும், பேஸ்மென்டில் (வீட்டின் நிலத்தடித் தளத்தில்) நானே செய்த இருக்கையின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அடித்துணி காய்ந்திருந்தது, சட்டங்களில் பூஞ்சணம் இல்லை, மணமும் இல்லை. ஒரு கோடை முழுக்கத் தாக்குப் பிடித்துவிட்டது. இனி தைரியமாக எழுதலாம்.

வீடு கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ பகுதியில் இருக்கும் பழைய பங்களோ, அதாவது ஒற்றை மாடி வீடு. பக்கக் கதவால் உள்ளே வந்தால் சின்னத் தரிப்பு, அங்கே ஒரு திருப்பம், அப்புறம் பேஸ்மென்ட் படிகள். இந்தப் பகுதியில் 1950, 60களில் கட்டிய வீடுகள் நிறைய இப்படித்தான் இருக்கும். தம்பியும் அவன் மனைவியும் கனடா வந்து முதலில் கீழேதான் தங்குவதாக இருந்தது. மூவர் அமரும் சோபா ஒன்றைத் தெரிந்தவர் சும்மாவே தருகிறேன் என்றார். அளந்து பார்த்தேன். அந்தத் திருப்பத்தில் 84 அங்குல சோபாவைச் சரித்தாலும் நிமிர்த்தினாலும் தாழ்ந்த கூரையில் முட்டும். ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன்: கீழே தேவையானதைக் கீழேயே செய்வது, திரும்ப மேலே கொண்டுவர வேண்டியதைக் கழற்றக்கூடியதாகச் செய்வது.

மரம் வாங்குவதற்கு முன் ஈரத்தைப் பார்க்க வேண்டும். பேஸ்மென்டில் நல்ல தளபாடத்தைக் கெடுப்பது இதுதான். சலவை இயந்திரம் நிற்கும் பக்கம் வெறும் கொங்கிறீற்றுத் தரை. அங்கே 18 அங்குலச் சதுரத் தடித்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்தேன். நடுத் தரையில் வைத்த தாள் காய்ந்திருந்தது. வெளிச்சுவர் ஓரத்தில் வைத்ததன் அடியில் துளித்துளியாக நீர். சுவரடியில் உப்புப் போல வெள்ளைப் பொடியும் இருந்தது. கொங்கிறீற்றுக்குள்ளால் வரும் நீர் ஆவியாகும்போது விட்டுப் போகும் உப்பு அது. இந்தப் பரிசோதனைக்கு ஆன செலவு ஒரு டேப்புச் சுருள்தான்.

மற்றப் பக்கத் தரையில் 9 அங்குலச் சதுரப் பழைய ஓடுகள். அந்தக் கால 9 அங்குல ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். உடையாமல் கிடக்கும் வரை தொல்லை இல்லை, சுரண்டினால்தான் ஆபத்து. அதனால் அவற்றைக் கிளறவே இல்லை. மேலே பொலிப்ரொப்பிலீன் விரிப்பு ஒன்று போட்டேன். கம்பளி விரிப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒன்றோடு ஒன்று கொளுவும் ஸ்பொன்ஞ் ஓடுகளும் வேண்டாம், அடியில் ஈரம் அடைபட்டுப் போகும்.

12 டொலருக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்தேன். கோடையில் 68 வீதம் காட்டியது. காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன், எண் இன்னும் ஏறியது. காரணம் எளிது. ஒன்ராறியோவின் ஜூலை, ஆகஸ்ட் காற்று ஈரம் நிறைந்தது. அது கீழே வந்து குளிர்ந்த தரையையும் சுவரையும் தொட்டதும், குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் போல அவை வியர்க்கும். ஆகவே கோடையில் ஜன்னலைச் சாத்தி, காற்றின் ஈரத்தை இழுக்கும் பழைய டிஹியூமிடிஃபையர் ஒன்றை 80 டொலருக்கு வாங்கி 50 வீதத்தில் விட்டேன். அதன் குழாயைத் தரை வடிகாலுக்குள் விட்டதால் வாளி நிறைந்து நின்றுபோகும் தொல்லை இல்லை. இது ஓடாத பேஸ்மென்டில் கீழே சொல்லும் எதையும் செய்ய வேண்டாம் என்பேன்.

இனி இருக்கை. முதலில் செய்த வடிவம் சரிவரவில்லை. 2x4 மரச் சட்டத்தின் மேல் முழுப் பிளைவூட் பலகை, அதன்மேல் ஃபோம் மெத்தை. உறுதியாக, வடிவாக இருந்தது. சில வாரம் கழித்து மெத்தையைத் தூக்கியபோது பிளைவூட்டில் கறுப்புப் புள்ளிகள், மெத்தையின் அடியில் ஈர மணம். மேலே உட்காருபவரின் சூடும் வியர்வையும் கீழே இறங்குகின்றன, கீழே குளிர்ந்த பலகை, இடையில் காற்றுக்கு வழியே இல்லை. பிளைவூட்டில் துளைகள் போட்டுப் பார்த்தேன். துளைக்கு நேரே மட்டும் காய்ந்தது, மற்ற இடம் அப்படியே. பிளைவூட்டைக் கழற்றிவிட்டு இடைவெளி விட்ட சட்டங்களுக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது இருக்கும் வடிவத்தின் அளவுகளை முழுதாகத் தருகிறேன், அப்படியே செய்யலாம்.

கடையில் 2x4 என்பது உண்மையில் ஒன்றரை அங்குலம் தடிப்பும் மூன்றரை அங்குலம் அகலமும். 1x4 என்பது முக்கால் அங்குலத் தடிப்பு, அதே மூன்றரை அகலம். நீளம் 8 அடி, அதாவது 96 அங்குலம். கணக்கெல்லாம் இந்த உண்மை அளவில்தான் போட வேண்டும். பலகையில் ‘கே.டி. – எச்.டி.’ (KD-HT) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சூளையில் காயவைத்தது, ஈரம் 19 வீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள். வாங்கிய பலகையைக் கீழே கொண்டுவந்து குறுக்குக் கட்டைகள் மேல் அடுக்கி ஒரு வாரமாவது விடுங்கள். அந்த அறையின் காற்றுக்குப் பழகிய பிறகு வெட்டினால் பின்னர் முறுக்குவது குறையும். வாங்கும்போதே ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்து, நேரானவற்றை எடுக்க வேண்டும். அடுக்கின் மேலே இருப்பவை எல்லாரும் கழித்தவை, நடுவிலிருந்து உருவுங்கள்.

இரண்டு 2x4களை 72 அங்குலத்தில் வெட்டினேன். இவை முன், பின் நீளச் சட்டங்கள். மிச்சம் வந்த துண்டுகள், வாள் தின்றது போக, ஒவ்வொன்றும் 23⅞ அங்குலம். அவையே இரு பக்கச் சட்டங்கள். நீளச் சட்டங்களுக்கு இடையில் அவற்றை வைத்துத் திருகினால் 72 அங்குல நீளமும் ஏறத்தாழ 27 அங்குல ஆழமும் கொண்ட சட்டகம் கிடைக்கும். மரம் மிச்சமே இல்லை. உட்புற நீளம் 69. அந்த அளவில் இன்னொரு 2x4ஐ நிமிர்த்தி, நடுவால் நீளத்துக்குப் போட்டேன். குறுக்குச் சட்டங்கள் நடுவில் தொய்யாமல் இது தாங்கும்.

குறுக்குச் சட்டங்களுக்கு 1x4. ஒவ்வொன்றும் 23¾ அங்குலம். ஒரு 8 அடிப் பலகையில் நான்கு வரும், மூன்று பலகையில் 12. அந்த 69 அங்குலத்துக்குள் 12 சட்டங்களைப் பரப்பினால் இடைவெளி இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இதைவிட அகலமாக விட்டால் ஃபோம் இடைவெளிக்குள் தொங்கும். ஒவ்வொரு இடைவெளியையும் அளக்க வேண்டியதில்லை, 2⁷⁄₁₆ அங்குலத்தில் ஒரு கட்டையை வெட்டி இடையில் வைத்து வைத்து நகர்த்தினேன். நீளச் சட்டங்களின் உட்பக்கத்தில், மேல் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் கீழே 1x2 ரீப்பைத் திருகினால் குறுக்குச் சட்டங்கள் அதன்மேல் சமமாக உட்காரும். நடுச் சட்டத்தையும் அதே முக்கால் அங்குலம் கீழிறக்கித் திருக வேண்டும்.

முன் கால்கள் மூன்று, 11¼ அங்குலம், நீளச் சட்டத்தின் உட்பக்கத்தில். பின்பக்கம் மூன்று கம்பங்கள், 30 அங்குலம், சட்டத்துக்கு வெளியே. அவையே முதுகைத் தாங்குபவை, அவற்றில் குறுக்காக இரண்டு 1x4. ஒவ்வொரு காலுக்கும் 5/16 அங்குலத் தடிப்பில் 3½ அங்குல நீள கரியேஜ் போல்ட் (உருண்டைத் தலை போல்ட்) இரண்டு, ஒன்றுக்கு நேர்கீழே மற்றது இல்லாமல் மூலைவிட்டமாக. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் கால் ஆடும், மரமும் அந்தக் கோட்டில் பிளக்கலாம். இரு மரங்களும் சேர்ந்து 3 அங்குலம், வாஷருக்கும் நட்டுக்கும் மிச்ச அரை அங்குலம் கணக்காகப் போதும். ஒரு ஸ்பானரால் 12 நட்டுகளைக் கழற்றினால் சட்டகம் ஏணி போலத் தட்டையாகிவிடும், படித் திருப்பத்தில் தாராளமாக ஏறும். “அண்ணா, நாங்கள் வேறு வீடு போகும்போது இதைக் கொண்டு போகலாமா?” என்று தம்பி கேட்டான். அதற்காகத்தான் போல்ட் போட்டேன் என்றேன்.

திருகாணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ரொபர்ட்சன் தலையுள்ளவற்றையே வாங்குங்கள். சதுரக் குழி உள்ள இந்தத் திருகாணிக்கு 1909இல் பி. எல். ரொபர்ட்சன் கனடாவில் காப்புரிமை பெற்றார், அவருடைய தொழிற்சாலை நம் பக்கத்து மில்டனில் இருந்தது. திருப்புளியின் சதுர முனை குழிக்குள் இறுகப் பிடித்துக்கொள்வதால் திருகாணி தானாகவே முனையில் நிற்கும். தாழ்ந்த கூரையின் கீழ் முழந்தாளிட்டு ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடி மறு கையால் திருகுபவருக்கு அதன் அருமை தெரியும். 8ஆம் எண் திருகாணிக்குச் சிவப்பு நிறக் குறியிட்ட திருப்புளி முனை. பக்கச் சட்டங்களைப் பிடிக்க இரண்டரை அங்குல நீளம், முன்கூட்டியே ⅛ அங்குலத் துளை. துளையில்லாமல் முனையருகே திருகினால் ஸ்ப்ரூஸ் மரம் பிளந்துவிடும்.

கால்களின் அடி முக்கியம். வெட்டிய முனை வழியே மரம் நீரை உறிஞ்சும். ஆறு கால்களின் அடியிலும் மரப்பசையைத் தண்ணீர் கலக்காமல் இரு தடவை பூசிக் காயவிட்டேன். பிறகு ஒரு டொலர் கடையில் வாங்கிய வெள்ளை பொலிஎத்திலீன் வெட்டுப்பலகையை ஒன்றரைக்கு மூன்றரை அங்குலத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு காலின் அடியிலும் திருகாணித் தலை உள்ளே புதையும்படி திருகினேன். அது நீர் குடிக்காது, தரையையும் கீறாது. வடிகாலை நோக்கித் தரை சரிவாக இருந்ததால் ஒரு பக்கத்தில் இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்க வேண்டியிருந்தது. மட்டமானியை வைத்துப் பார்த்தே இதைச் செய்ய வேண்டும், கண்ணை நம்ப முடியாது.

ஃபோம்தான் விலை கூடியது. வெட்டித் தரும் கடைகளில் கேட்ட விலைக்கு முழுச் சோபாவே வாங்கலாம். தெருவோரம் போட்ட மெத்தையை எடுக்க எனக்கு மனமில்லை. ரொறன்ரோவில் மூட்டைப்பூச்சி பெரிய தொல்லை, ஒரு முறை வீட்டுக்குள் வந்தால் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதை விரட்டவே போகும். ஒற்றைக் கட்டில் அளவு ஃபோம் மெத்தை ஒன்றைப் புதிதாக, 119 டொலருக்கு வாங்கினேன். 39க்கு 75 அங்குலம், 5 அங்குலத் தடிப்பு. 27 அங்குலத்தை இருக்கைக்கு வெட்டினால் 12 அங்குல அகலத்தில் ஒரு நீளத் துண்டு மிஞ்சும். அதை நிமிர்த்தி வைத்தால் அதுவே முதுகுத் திண்டு. முதுகுத் திண்டு 5 அங்குலத்தை எடுத்துக்கொண்ட பிறகும் உட்கார 22 அங்குல ஆழம் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மலிவான மெமரி ஃபோம் மெத்தைகள் சிலவற்றில் தீத்தடுப்புக்காக உள்உறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள். அந்த உறையை வெட்டினால் இழை அறை முழுக்கப் பறக்கும், தோலிலும் மூச்சிலும் சேரும், துடைத்தாலும் லேசில் போகாது. லேபிளில் ‘கிளாஸ் ஃபைபர்’ அல்லது ‘ஃபைபர்கிளாஸ்’ என்று இருந்தால் அந்த மெத்தையைத் தொடவே வேண்டாம். நான் வாங்கியது உள்உறை இல்லாத வெறும் பொலியூரித்தேன் ஃபோம். பாண் வெட்டும் பல்லுக் கத்தியால், அழுத்தாமல், நீள நீளமாக இழுத்து வெட்டினேன். அழுத்தினால் ஃபோம் ஒடுங்கி வெட்டு சரிந்துவிடும். மார்க்கர் கோட்டை மேலேயும் கீழேயும் போட்டுக்கொள்வது நல்லது.

உறையை அம்மா தைத்தார். தடித்த பருத்தித் துணி, மூன்று பக்கம் சுற்றி வரும் சிப். “சிப்பைப் பின்பக்கம் மட்டும் வைக்கிறது காணாது, கழற்றித் தோய்க்க வேணும் எண்டால் மூலை திரும்பி வர வேணும்” என்று அவர் சொன்னது சரியானது. பேஸ்மென்டில் உறையை அடிக்கடி கழற்றித் தோய்க்க வேண்டும், அது சுலபமாக வராவிட்டால் யாரும் தோய்க்க மாட்டார்கள். உறையின் அடிப்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய வலைத்துணி போட்டார், ஃபோம் கீழ்ப்பக்கமாக மூச்சு விடட்டும் என்று.

செலவு: மரம் 50, போல்ட்டும் திருகாணியும் 21, மெத்தை 119, துணியும் சிப்பும் 46. விற்பனை வரி 13 வீதமும் சேர்த்து 267 டொலர். சட்டகத்தின் அடிக்கும் தரைக்கும் இடையே எட்டரை அங்குலம் இருக்கிறது, நடுச் சட்டம் அதைவிட முக்கால் அங்குலம் தாழ்ந்தது, அதனால் ஏழரை அங்குலத்துக்கு உட்பட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் உள்ளே போகும். ஆனால் முழுவதும் அடைக்காமல் பாதியை வெறுமையாக விட்டிருக்கிறோம். காற்றோட்டம் அங்கிருந்துதான் வருகிறது. இருக்கையைச் சுவரிலிருந்தும் 2 அங்குலம் தள்ளியே வைத்திருக்கிறேன்.

மேசைக்கு அதிகம் பாடுபடவில்லை. வீடு கட்டிக் கொடுக்கும் தொண்டு நிறுவனமான ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி நடத்தும் ரீஸ்டோர் கடைகளில் பழைய கட்டடச் சாமான் மலிவாகக் கிடைக்கும். 80க்கு 30 அங்குல உள்வீட்டுக் கதவு ஒன்றை 20 டொலருக்கு எடுத்தேன். உள்ளே கோறையான கதவு, அதனால் நடுவில் எங்கே திருகினாலும் பிடிக்காது, விளிம்பில் மட்டும்தான் மரம் உண்டு. 2x4இல் ஒரு சட்டகம் செய்து, கதவை அதன்மேல் படுக்க வைத்து, விளிம்புகளில் மட்டும் திருகினேன். கைப்பிடிக்காக இருந்த 2⅛ அங்குலத் துளையை அடைக்காமல் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். கணினி வயர்கள் எல்லாம் அதனூடாக இறங்குகின்றன. உயரம் 29½ அங்குலம், வரியோடு 60 டொலர்.

புத்தகத் தட்டு எனக்கு மிகவும் பிடித்த வேலை. 4க்கு 8 அடி முக்கால் அங்குலப் பிளைவூட் தாளைக் கடையிலேயே நீளவாக்கில் நான்காக வெட்டுவித்தேன். ஒவ்வொன்றும் 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முழுத் தாள் அந்தத் திருப்பத்தில் இறங்கவே இறங்காது, நான்கு கீற்றுகளும் சிரமமில்லாமல் இறங்கின. தாங்குவதற்கு 2x3இல் மூன்று ஏணிகள். 8 அடிப் பலகையில் 72 அங்குலத்தை நிமிர்ந்த கம்பமாக எடுத்தால் மிச்ச 24இல் இரண்டு படிகள். ஆறு பலகையில் ஆறு கம்பங்கள், 12 படிகள், தட்டு நான்கும் ஏணி மூன்றுமாக வேண்டியதும் 12தான். ஏணிகளுக்கு இடையே 4 அடி வருவதால் புத்தகப் பாரத்தில் பிளைவூட் தொய்யும், முன் விளிம்பில் 1x2 ரீப்பை நிமிர்த்திப் பசை போட்டுத் திருகினேன். மேலே இரண்டு இடத்தில் சுவரோடு பட்டி போட்டுப் பிணைத்தாயிற்று. சுவருக்குள் இருக்கும் நிமிர்மரங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று, சின்னக் காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால் அடியிலுள்ள திருகாணிகளில் ஒட்டி இடத்தைக் காட்டிவிடும். சின்னப் பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் இந்தப் பட்டியைத் தவிர்க்கவே கூடாது. செலவு 107 டொலர்.

இந்தத் தட்டை முதலில் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, பாதி மறைக்கும்படி வைக்கத்தான் நினைத்தேன், இடம் அங்கேதான் தாராளம். ஆனால் தீப்பற்றினால் கீழே படுத்திருப்பவர் வெளியேறும் வழி அந்த ஜன்னல். ஒன்ராறியோக் கட்டட விதிப்படி இப்படி வெளியேறுவதற்கான ஜன்னல் திறந்தால் 0.35 சதுர மீற்றராவது தடையில்லாத வெளி இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், நித்திரைக் கலக்கத்தில் புகைக்குள் தட்டை இழுத்துத் தள்ள யாராலும் முடியாது. தட்டு எதிர்ச்சுவருக்குப் போனது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைச் சுற்றியும் எதையும் அடுக்கவில்லை. புகை எச்சரிக்கைக் கருவியையும் கார்பன் மொனொக்சைட் கருவியையும் புதிதாக மாட்டிய பிறகுதான் தம்பி குடும்பத்தைக் கீழே இறக்கினேன்.

வெளிச்சத்துக்கு வயரிங்கில் கை வைக்கவில்லை, அதற்கு இங்கே அனுமதி எடுக்க வேண்டும். சுவர் பிளக்கில் செருகும் எல்.ஈ.டி. பட்டைகளைப் புத்தகத் தட்டின் அடி விளிம்புகளில் ஒட்டினேன், 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயலான வெளிச்சம். கனடாவின் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் சி.எஸ்.ஏ. முத்திரை பார்த்து வாங்கியது, 45 டொலர். தாழ்ந்த கூரையில் தொங்கு விளக்கு தலையில் இடிக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் அறை உயரமாகத் தெரிகிறது.

டிஹியூமிடிஃபையரும் சேர்த்து 559 டொலர், ஈரப்பதமானி தனி. கருவிகளில் ட்ரில் என்னுடையது, வட்ட வாளும் நான்கு கிளாம்ப்களும் மச்சானிடம் இரவல்.

சாமான் அடுக்கி ஏற்றும் பலகைப் பலட்டுகளில் செய்யவில்லையா என்று பலர் கேட்டார்கள். பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் ‘எச்.டி.’ (HT) முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மீதைல் புரோமைட் புகையூட்டியது, வீட்டுக்குள் வேண்டாம். நீல நிறத்தவை வாடகைக் கம்பனிக்குச் சொந்தம். நல்லது கிடைத்தாலும் ஆணி பிடுங்கி, பிளக்காமல் பலகை கழற்றி, உரஞ்சி எடுக்கும் பாட்டுக்கு நான்கரை டொலர் 2x4 மலிவு.

அடுத்த முறை மாற்றப் போவது: பின்கம்பங்களை நேராக விடாமல், சட்டகத்துக்கும் கம்பத்துக்கும் இடையே மேல் போல்ட்டில் கால் அங்குலத்துக்கு வாஷர்கள் வைத்து, அங்கே சற்று நீளமான போல்ட் போட்டுப் பின்னால் சற்றுச் சரிப்பேன், இப்போதைய முதுகு சாப்பாட்டு மேசைக் கதிரை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. கால்களுக்கு வெட்டுப்பலகைத் துண்டுக்குப் பதில் திருகி உயர்த்தும் சமன்பாதங்கள், ஒன்றின் விலை இரண்டு டொலர்தான், சரிந்த தரையில் நேரம் மிச்சம். கட்டிலும் இதே முறையில்தான் வரப்போகிறது, நீளச் சட்டத்துக்கு மட்டும் 2x4க்குப் பதில் 2x6, நடுவில் தரை வரை இறங்கும் ஒரு கால் கூடுதல்.